ஒலி சரிபார்ப்பு

கிட்டாரின் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கியது. "எடுத்துவைத்திருக்கிறது. ஷினோசாகி. ஞாயிறு நான்கு மணி வரை." என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. அப்போது மணி மூன்றே முக்கால்.

ஓச்சானோமிசு சரிவில் வரிசையாகக் கிட்டார் கடைகள்தான். அதற்கு முன் மூன்று ஞாயிறுகள் இந்தக் கடையின் வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறேன். உள்ளே போனால் "வாங்க" என்பார்கள். பிறகு நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மின்னஞ்சலில் எழுதி எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன்.

ஐம்பது வருடங்களுக்கு மேல் பழைய கிட்டார். செய்த தொழிற்சாலை இப்போது இல்லை. சிவப்பு நிறம், முன்கை உரசும் இடத்தில் மட்டும் சாயம் போய் மரம் தெரிந்தது. கடையின் இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: "ஆம்ப் இல்லாமலே நன்றாக அதிரும்." எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான் இருக்கும் குடியிருப்பில் வாத்தியம் வாசிக்க அனுமதியில்லை. இந்த வகை மின்கிட்டாருக்கு உள்ளே கூடு கிடையாது, முழு மரக்கட்டை. ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் செருகாவிட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. வாசிக்கிறவளுக்கே சரியாகக் கேட்காது. தாடையைக் கிட்டாரின் கழுத்தருகே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்கொம்பில் அழுத்திக்கொண்டால் அதிர்வு எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்விடும். ஐந்து வருடங்களாக அப்படித்தான் வாசிக்கிறேன். நானே போட்ட மெட்டு ஒன்று இருக்கிறது. அதை என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. என்னிடம் இருந்தது மலிவான கிட்டார். அதன் தடித்த கம்பி மூன்று விநாடியில் அடங்கிவிடும். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், எதையும் நேரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

கடைக்காரர் குசகாபேவுக்கு என் வயதுதான் இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"ஷினோசாகி சானா? வந்துட்டீங்களா!"

அவர் பின்னால் முக்காலியில் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடைக்கு வாடிக்கையாக வருகிறவர் போல.

"வர மாட்டாங்கன்னு பந்தயம் கட்டினேனே, தம்பி. ஒரு கிண்ணம் ராமென் போச்சு."

"முட்டையும் சேர்த்துதான் பந்தயம், தோக்கி சான்." குசகாபே என் பக்கம் திரும்பினார். "இவர்தான் உங்களுக்கு அடுத்து நிக்கிறவர். நீங்க வேண்டாம்னா இவருக்குப் போகும்."

"நிக்கல, உக்காந்திருக்கேன். நாலு மணி வரைக்கும்" என்றார் தோக்கி.

குசகாபே கிட்டாரை இறக்கிச் சுருதி சேர்த்தார். ஆம்ப்பின் ஒயரை எடுக்கப் போனார்.

"ஆம்ப் இல்லாம... பாக்கலாமா?" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து தாடையைக் கொம்பில் வைத்தேன். தடித்த கம்பியை ஒருமுறை தட்டினேன். அதிர்வு பல்லுக்குள் வந்து இறங்கியது. ஒன்பது விநாடி. தலையைத் தூக்கவே மனம் வரவில்லை.

"பாத்தியா தம்பி, எலும்புல கேக்கறாங்க! பெரிய ஆளு இவங்க. நமக்கு இது கிடைக்காது போல."

நான் பெரிய ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இது எனக்கு வேணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

குசகாபே ஒரு தாளை நீட்டினார். மேலே 'ஒலி சரிபார்ப்பு' என்று அச்சிட்டிருந்தது. கீழே கட்டங்கள்: ஒலித்திருகு, மூன்று ஸ்விட்ச், ஒயர் துளை.

"பழைய சாமானை நாங்க திருப்பி எடுக்கறதில்ல. அதனால வாங்கறவங்களே ஆம்ப்ல போட்டு வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்."

"நீங்க வாசிச்சாப் போதாதா?"

"போதாதுங்க. போன வருஷம் நான் வாசிச்சுக் காட்டி ஒண்ணு வித்தேன். வாங்கினவர் மறுநாளே வந்து, 'உன் கையில நல்லா இருந்துச்சு, என் கையில இல்ல'ன்னு ஒரே சண்டை."

"அது நான்தான்" என்றார் தோக்கி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"கூச்சமாம்மா? கஷ்டப்படாதீங்க. அப்படியே எனக்கு விட்டுடுங்க" என்றார் தோக்கி.

"வாசிக்கறேன்" என்றேன்.

குசகாபே ஒயரைச் செருகினார். ஆம்ப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கம்போல் விரல்களை வைத்து, வழக்கம்போல் அடித்தேன்.

அலமாரியிலிருந்து பாத்திரங்கள் சரிந்தது போல் இருந்தது. நிறுத்தினால் தாள் முடியாது. என் மெட்டின் முதல் நான்கு அடிகளை வாசித்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் தள்ளினேன். நான் அடித்த கம்பி மட்டுமில்லை, அடிக்காத கம்பிகளும் சேர்ந்து ரீங்கரித்தன. விரல் நகரும்போதெல்லாம் ஒரு கிறீச்சு. அந்தச் சத்தங்கள் என் அறையிலும் இருந்திருக்கும். எலும்புக்கு அவை எட்டவில்லை. கடையின் அந்தக் கோடியில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

குசகாபே குனிந்து ஒலியைக் குறைத்தார்.

"எப்பவும் ஆம்ப் இல்லாமத்தான் வாசிப்பீங்களா?"

"ஆமா."

"அதான் இவ்வளவு ஓங்கி அடிக்கறீங்க. எத்தனை வருஷமா?"

"அஞ்சு."

"கூட வாசிக்க யாராவது..." என்று ஆரம்பித்தவர் தாளைப் பார்த்தார்.

தோக்கி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தேன். "மரம் நல்ல மரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

"எல்லா ஸ்விட்சும் வேலை செய்யுதுங்க" என்றேன். கட்டங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

கிட்டாரைப் பைக்குள் வைத்தபின் குசகாபே ஒரு ஒயரைச் சுருட்டிப் பக்கப் பையில் போட்டார்.

"எங்கிட்ட ஆம்ப் இல்லைங்க."

"பரவாயில்ல, கூட வெச்சுக்குங்க. உங்க ஸ்டேஷன் பக்கம் வாடகை ஸ்டுடியோ இருக்கும். அங்க ஆம்ப் குடுப்பாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த மெட்டு யாரோடது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடும் நேரம். தாடையைக் கொம்பில் வைத்துத் தடித்த கம்பியைத் தட்டினேன். ஒன்பது விநாடி. மெட்டை ஆரம்பித்தேன். இப்போது அது வெளியே எப்படிக் கேட்கும் என்று தெரிந்துவிட்டது. கை பாதியில் நின்றது. மெதுவாக அடித்துப் பார்த்தேன். அப்போது கிட்டார் கேட்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கரண்டியால் எதையோ கலக்குவதுதான் கேட்டது.

ஸ்டுடியோவின் எண்ணைத் தேடி எடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன்.

"வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒரு அறை வேணுங்க. ஆம்ப்போட."

"எத்தனை பேருங்க?"

அதை நான் எழுதி வைத்திருக்கவில்லை.

"ஒருத்தர்."

"ஒருத்தர்னா முந்தின நாள்தாங்க பதிவு. பேண்டுக்காரங்க எடுத்தது போக மிச்சம் இருந்தாத் தருவோம். புதன்கிழமை கூப்பிடறீங்களா?"

"கூப்பிடறேன்" என்றேன்.

பையிலிருந்து ஒயரை எடுத்து ஒரு முனையைக் கிட்டாரில் செருகினேன். 'டக்' என்றது. அது நன்றாகக் கேட்டது. மறுமுனையைச் செருக ஆம்ப் இல்லை; அதைப் பிடித்து வாசல் பக்கம் நீட்டிப் பார்த்தேன். கதவு வரை வந்தது.