குண்டு நிற்குமிடம்

போன வருடம் நான் சுட்ட பெண் மூஸ் சாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. குதிரை உயரமுள்ள அந்தக் காட்டுமானை மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. தோள்பட்டைத் தோலை உரித்தபோது ஈயத் துணுக்குகள் அரிசிப்பொரி மாதிரி சிதறிக் கிடந்தன. குண்டு எலும்பில் பட்டதும் பொடிந்துவிட்டிருந்தது. நுரையீரல் வரை ஒரு துணுக்குகூடப் போகவில்லை. இருநூறு கிலோ இறைச்சியைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

எங்கள் வேட்டைக் குழுவில் பதினோரு பேர். ஆகஸ்ட் கூட்டத்தில் எனக்கு இந்த வருடம் சுடும் இடம் கொடுப்பதா வேண்டாமா என்று கை தூக்கிப் பார்த்தார்கள். ஆறு பேர் கொடுக்கலாம் என்றார்கள், நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். குழுத் தலைவி குன்வோர் பால்பண்ணை வைத்திருப்பவள், குரலை உயர்த்தியே பேசமாட்டாள்.

"இன்னொன்னு காயத்தோட ஓடுச்சுன்னா அதோட சரி, எஸ்கில். உன் இடத்துக்கு வரிசைல ஆள் நிக்குது."

நான் காகித ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அங்கேதான். பகல் வெளிச்சத்தில் என்னோடு பேசும் மனிதர்கள் இந்தப் பத்து பேர் மட்டும்தான். அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேறு யாரும் இல்லை.

அதனால் கோடை முழுவதும் தோட்டாவைப் பற்றித்தான் யோசித்தேன். நான்கு வகை வாங்கினேன். ஆலையிலிருந்து கழிவுக் காகிதம் கொண்டுவந்து, பெட்டி பெட்டியாகத் தண்ணீரில் ஊறவைத்து, சரளைக்கல் குழியில் வரிசையாக அடுக்கினேன். முன்னால் ஒரு மூஸ் தோள் எலும்பைக் கட்டினேன். நாற்பது மீட்டரிலிருந்து சுட்டேன், பிறகு இருநூறிலிருந்து. பழைய ஈயக் குண்டு இரண்டாவது பெட்டியிலேயே துகளாகிப்போனது. உறையோடு ஒட்டவைத்த ஈயக் குண்டு கால்வாசி எடையை இழந்து மூன்றாவது பெட்டியில் நின்றது. முழுச் செம்பில் செய்தது மட்டும் நான்கு பெட்டிகளையும் துளைத்துக்கொண்டு மண்மேட்டுக்குள் போய்விட்டது. தோண்டி எடுத்து, சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. நோட்டில் எடைக்கு ஒரு கட்டமும் ஆழத்துக்கு ஒரு கட்டமும் போட்டிருந்தேன். ஆழத்தில் "வெளியேறியது" என்று எழுதிவிட்டு, திருப்தியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

துப்பாக்கியைப் புதுத் தோட்டாவுக்கு ஏற்றபடி திருத்தி, பயிற்சித் திடலில் ஓடும் மூஸ் அட்டையில் அறுபது தடவை சுட்டேன். ரூனே பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவன், வாயை மூடவே தெரியாதவன்.

"செம்பாடா? அது இந்தப் பக்கம் நுழைஞ்சா எல்லையத் தாண்டி நார்வேல போய்த்தான் நிக்கும்."

"போன வருஷம் பாதி வழியில நின்னுச்சு. அதுக்கும் நீதான் திட்டின."

"நான் திட்டுனது குண்ட இல்ல, உன்ன."

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால். வெட்டிய காட்டின் ஓரத்தில், ஏழாம் எண் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி, இருபது மீட்டர் அகலத்துக்கு மரமில்லாத பாதை. அதைத் தாண்டி ஆள் உயர ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன. எங்கள் குழுவின் ஹால்வார் மூஸை விரட்ட அவிழ்த்துவிட்ட நாய் டூசா தொலைவில் குரைக்க ஆரம்பித்தது. குரைப்பு நெருங்கி வந்தது. துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினேன்.

முதலில் தாய் மூஸ் வந்தது. பாதையைக் கடந்து ஸ்ப்ரூஸுக்குள் நுழைந்து மறைந்தது. ஒரு கன்று அதை ஒட்டியே ஓடியது. இன்னொரு கன்று பின்தங்கி வந்தது. இங்கே எல்லோரும் செய்வது இதுதான்: தாயைப் போகவிடு, கன்றைச் சுடு. பின்தங்கிய கன்று பாதையின் நடுவில் நின்று, பக்கவாட்டைக் காட்டித் திரும்பிப் பார்த்தது. அறுபது மீட்டர். முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து விசையை இழுத்தேன். நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது.

வயர்லெஸ்ஸில் சொன்னேன்: "ஏழு. கன்னு கெடக்கு."

"ஒரே சூட்லயா?" ரூனேயின் குரல். "பேசுறது எஸ்கில்தானா, இல்ல வேற யாராவது அவன் வயர்லெஸ்ஸத் திருடிட்டானா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தது கேட்டது. குன்வோர், "நல்ல சூடு. கால் மணி நேரம் உக்காந்துட்டு அப்புறம் போய்ப் பாரு," என்றாள். அந்தக் கால் மணி நேரம் நான் எத்தனையோ வருடங்களாக இல்லாத அளவுக்கு நிம்மதியாக இருந்தேன்.

கன்று செத்திருந்தது. மறுபக்கத்தில் குண்டு வெளியேறிய ஓட்டை. அது போன திசையைப் பழக்கத்தால் பார்த்தேன். ஸ்ப்ரூஸுக்குள் ஏழெட்டு அடி நடந்தேன். பாசியின்மேல் ரோமம் கிடந்தது. கன்றின் ரோமம் குட்டையாகச் செம்பழுப்பில் இருக்கும். இது நீளம், சொரசொரப்பு, கறுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இலையில் ஒரு சொட்டு ரத்தம், அதில் பச்சையாக அரைத்த தழை கலந்திருந்தது.

தாய் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பின்தங்கிய கன்றுக்காகத் திரும்பி, இந்த மறைவில் நின்றிருக்கிறது. கன்றின் விலாவைத் துளைத்த குண்டு எங்கும் நிற்காமல் இதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

வயிற்றில் பட்டால் மூஸ் உடனே சாகாது. ஒரு நாள் ஆகும், இரண்டு நாள்கூட ஆகும்.

யாரும் பார்க்கவில்லை. காலால் பாசியைப் புரட்டிவிட்டு அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் போதும். மாலையில் என் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். கையில் வயர்லெஸ்ஸைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நின்றேன். கடைசியில் பொத்தானை அழுத்தியது நான் யோக்கியன் என்பதால் அல்ல. மூன்றாம் நாள் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும்.

"குன்வோர். தாயும் பட்டிருக்கு."

அவள் உடனே கேட்டாள்:

"எத்தன தடவ சுட்ட?"

"ஒண்ணுதான்."

"எதையும் மிதிக்காத. ஹால்வார் வர்றான்."

ஹால்வார் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தான். அஞ்சல் ஊழியன், ஒல்லியான மனிதன், காயம்பட்டவற்றைத் தேடிப் போவதில் எங்கள் வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மண்டியிட்டு, ரோமத்தை விரலில் உருட்டி முகர்ந்தான்.

"குடல். ஒரு மணி நேரம் விடணும். இப்போ தொரத்துனா அஞ்சு கிலோமீட்டர் ஓடிடும்."

"ஒரு மணி நேரமா?"

"படுக்கட்டும். படுத்தா காயம் இறுகும், எழுந்திரிக்க மனசு வராது. நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான். என்னால் குடிக்க முடியவில்லை. நாய் நடுங்கிக்கொண்டே அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"அந்தச் செம்புதானே?" என்றான்.

"ஆமா."

"நல்ல குண்டு."

"கிண்டல் பண்ணாத, ஹால்வார்."

"கிண்டல் இல்லடா. நானும் அதத்தான் போடுறேன். ஆனா அத மாத்துன நாள்லேருந்து நான் மிருகத்தப் பாக்குறத விட அதுக்குப் பின்னாலதான் அதிகமாப் பாக்குறேன்."

"இத நீ கோடையிலயே சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டியா? எடையெல்லாம் கிராம் கிராமாச் சொல்லிட்டுப் போன. கேள்வின்னு ஒண்ணும் கேக்கல."

ஒரு மணி நேரம் முடிந்ததும் கிளம்பினோம். டூசா மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. முந்நூறு மீட்டரில் தாய் படுத்திருந்த தடம், நடுவில் கறுப்பாக ரத்தம். ஆனால் எழுந்து போயிருந்தது. ஐநூறு மீட்டரில் ஓர் ஓடை. நாய் தடத்தைத் தவறவிட்டுச் சுற்றியது, நானும் மனதுக்குள் அதோடு சேர்ந்து சுற்றினேன். பிறகு மறுகரையில் கயிறு விறைத்தது. சதுப்பின் விளிம்பில், குட்டைப் பைன் மரங்களுக்கு நடுவில், தாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. ஹால்வார் சுட்டான். இரண்டாவது கன்று மரங்களுக்குள் பாய்ந்து மறைந்தது.

குன்வோரும் ரூனேயும் நான்கு சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார்கள். ரூனே தாயைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.

"இந்த வருஷம் நமக்குச் சுட அனுமதி இருக்குற பெரிய மிருகம் எத்தன?"

"ஒண்ணு," என்றாள் குன்வோர். "அது இதுதான்."

"அப்போ நான் சுட இருந்த ஆண் மூஸ் போச்சு. அதக் கோடையெல்லாம் கேமரா வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். பேர்கூட வெச்சிருந்தேன்டா, எஸ்கில்! பேரு!"

"என்ன பேரு?" என்றான் ஹால்வார்.

"உனக்கு எதுக்கு அது இப்போ?"

குடலை எடுத்துப் போட்டுவிட்டு, இழுவை எந்திரக் கயிற்றால் தாயை வண்டிக்கு இழுத்தார்கள். நான் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் குன்வோரிடம் நீட்டினேன்.

"இந்தா."

அவள் அதைத் தொடவில்லை. "கன்னு ஒண்ணு இருக்கு. தாயில்லாம பனிக்காலத்தத் தாண்டாது. தேடிக்கிட்டு இந்த எடத்துக்கே வரும். உக்காரு."

"நானா? ஹால்வார் இருக்கானே."

"ஹால்வார் அதத் தாயில்லாததா ஆக்கல. உன்கிட்ட வேற தோட்டா இருக்கா?"

"இல்ல. இதேதான்."

"அப்போ இதுக்கேத்த மாதிரி சுடு. நாங்க எல்லாரும் தெக்குப் பக்கம் போயிடுவோம், வடக்குல யாரும் இல்ல. உன் எடத்தப் பத்திச் சாயங்காலம் கை தூக்கிப் பாப்போம்."

போய்விட்டார்கள். காற்று என் முகத்தில் அடிக்கும்படி ஒரு வேர்க்கட்டையில் முதுகைச் சாய்த்தேன். குடல் குவியலிலிருந்து ஆவி எழுந்து அடங்கியது. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. மழை தூறி நின்றது. வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இரண்டு மணிக்கு முன்பு வந்தது. மெல்லிய மூக்குச் சத்தத்தோடு தாயைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. ஐம்பது மீட்டரில் பக்கவாட்டாக நின்றது. காலையில் நின்ற கன்றைப் போலவே, அச்சாக. பின்னால் அடர்ந்த பைன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், எதுவும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. விரல் விசையில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

கன்று நகர்ந்தது. குவியலை முகர்ந்து பின்வாங்கியது. திரும்பிக் காட்டைப் பார்த்தது. போய்விடும் என்று நினைத்தேன். அது போய்விடுவதைவிடக் கெட்டது எனக்கு அப்போது எதுவும் இல்லை. ஆனால் அது போகவில்லை. மறுபடி கூப்பிட்டுவிட்டு, சதுப்பின் ஓரமாக மெதுவாக நடந்து, சரளை மேட்டுக்கு முன்னால் வந்தது. பின்னால் இப்போது வெறும் மண், இரண்டு ஆள் உயரத்துக்கு. மேட்டைத்தான் முதலில் பார்த்தேன், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அதற்கப்புறம் கன்றைப் பார்த்தேன். சுட்டேன். பத்தடி ஓடி விழுந்தது.

"கன்னு கெடக்கு," என்றேன்.

"பின்னால?" என்றாள் குன்வோர்.

"மண்ணு."

மாலையில் இறைச்சிக் கொட்டகையில் மூன்று உடல்களும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது கை தூக்கினார்கள். நான் இருக்கட்டும் என்று ஐந்து, வேண்டாம் என்று நான்கு. ரூனே எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

"இந்த வாரம் முழுக்க நாய்க்குப் பின்னால நட," என்றாள் குன்வோர். "துப்பாக்கி வீட்டுல இருக்கட்டும். சுடுறதப் பத்தி அடுத்த ஆகஸ்ட்ல மறுபடி பேசுவோம்."

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"அஞ்சரை."

ரூனே மேசையிலிருந்து ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினான்.

"சும்மா நிக்காத. உன் மிருகம், நீயே உரி."

கத்தியை எடுத்துக்கொண்டு தாயிடம் போனேன்.