பச்சையம்மாவின் பங்குப் பால்

ஆய்வக ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் எழிலரசிக்கு அந்தக் குரல் கேட்டது. "அக்கா, உள்ள என்னா இருக்குது?" தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தபோது பச்சையம்மா கேட்டது அது. முகம் வீங்கி, மூத்திரம் நின்றுபோய் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னப் பெண். சிறுநீரகம் கெட்டு, சில நாளில் செத்துப்போனாள்.

எழிலரசி நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி மாட்டிலிருந்து மனிதருக்கு எப்படித் தாவுகிறது என்பதுதான் அவள் வேலை. வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தில் அவள் ஆய்வகம். பச்சையம்மாவின் கிருமி அங்கே ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் வளர்ந்து, சுற்றியிருந்த சிவப்பையெல்லாம் தின்று வெளுக்க வைத்திருந்தது. பெண் மண்ணுக்குள் போன பிறகும் அது மட்டும் செழிப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க எழிலரசிக்குக் குலை நடுங்கியது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கீழ்பென்னாத்தூரில் பச்சையம்மா வீட்டுச் செவலைப் பசுவிடம் சோதனைக்கு எடுத்த பாலிலும் அதே கிருமிதான் இருந்தது. முடிவு கார்த்திகை தீபத்துக்கு முன்பே வந்துவிட்டது. உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? படித்தவர்களிடம் இப்படி ஒரு கோளாறு, கெட்ட சேதிக்கு நல்ல நேரம் பார்ப்பார்கள். 'நீ கொடுத்த பாலால்தான் உன் பெண் போனாள்' என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? தீபக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று தள்ளிப்போட்டாள். அப்புறம் மழை என்றாள். எல்லார் வீட்டிலும் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறார்கள், பெண் ஏதோ ஒருநாள் பச்சையாகக் குடித்திருக்கும் என்று சமாதானம் வேறு. பொங்கலும் போயிற்று. குரல் மட்டும் விட்டபாடில்லை. கடைசியில் அதற்குப் பயந்துதான் பஸ் ஏறினாள்.

பச்சையம்மாவின் தாய் எல்லம்மாள் மாட்டடியில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். பசு மடியின் ஒரு பக்கம் கல்லாக வீங்கியிருந்தது. கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பாலை மகன் சக்திவேலிடம் கொடுத்தாள். மூன்று வயது இருக்கும். அவன் குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளரை நீட்டினாள்.

"பால காய்ச்சலையாம்மா?" என்றாள் எழிலரசி.

"மடி வீக்கமா இருக்கசொல்ல பால அடுப்புல வெக்கக்கூடாதுங்க. மாட்டுக்கு மடி வெந்துடும். பச்சையாவே குடுத்துடுவேன். மொத டம்ளரு இவன் பங்கு. இது அவ பங்கு. அவ இல்லன்னு நிறுத்த மனசு வரல."

எழிலரசி பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். "குடுக்காதீங்கம்மா. பால்ல நோய்க்கிருமி இருக்குது."

எல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எம் பொண்ணுக்கு வந்தது இதாலதானா?"

"அது... அது வேறம்மா."

"இதே பாலத்தான் அவளும் குடிச்சா. அவளுக்கு வேறன்னா இவன் குடிக்கட்டும், வுடுங்க."

டம்ளரைக் கேட்டு நீட்டிய கைக்கு எட்டாமல் எழிலரசி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பொய் சொன்னால் தாய் நிம்மதியாக இருப்பாள், பிள்ளை போய்விடும்.

"வேற இல்ல. இதேதான்."

எல்லம்மாள் அழவில்லை. தன் ஈரக்கையையே பார்த்தபடி, "வேணாம் வேணாம்னுச்சு. நாந்தான் அடிச்சிக் குடிக்க வெச்சேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். "உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"தீபத்துக்கு முன்னாடி."

"நான் தெரியாம குடுத்தேன். நீங்க தெரிஞ்சிக்கினு சும்மா இருந்தீங்களா?"

எழிலரசி டம்ளர் பாலைத் தரையில் கொட்டினாள். தலை குனிந்தபோதுதான் சக்திவேலின் முகத்தைச் சரியாகக் கவனித்தாள். இமைகள் இரண்டும் தடித்திருந்தன.

"இது எப்ப இருந்து?"

"காலைல இருந்து. தூக்கம் ஜாஸ்தின்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. இப்பவே போனா காப்பாத்திடலாம்."

எல்லம்மாள் கதவைக்கூடச் சாத்தாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். எழிலரசி பின்னாலேயே ஓடினாள். பஸ் வந்தது. படியேற வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளையை வாங்கிக்கொள்ள எழிலரசி கையை நீட்டினாள். எல்லம்மாள் அவனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறினாள்.