உந்துவிசை நாற்பத்தேழு கிலோ

கோபிகா ரொக்கெட் மோட்டார் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அந்த உடுவில் கிராமத்து வீட்டில் பிளேன்ரீ குடிக்கக்கூடச் சீனி மிஞ்சுவதில்லை. எல்லாம் எரிபொருளுக்குள் போயிற்று. அம்மா வாய் ஓயாமல் திட்டினாள். அப்பா தியாகராசாவுக்கோ தலைகால் புரியாத பெருமை. புகையிலைத் தோட்டத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, மோட்டாரைப் பூட்டிச் சோதிக்க இரும்புத் தாங்கி ஒன்று வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்தார்.

கொழும்பில் நடக்கும் பல்கலைக்கழக மாணவர் போட்டிக்கு உந்துவிசை வரைபடம் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். பதினைந்து கிலோவாவது தள்ளாத மோட்டாருக்கு அங்கே இடமில்லை. முதல் மோட்டார் வெடித்தபோது பக்கத்து வீட்டார் சண்டைக்காலப் பழக்கத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

தலைகீழாக நிறுத்திய மோட்டார் எரியும்போது தாங்கியை நிலத்தை நோக்கி அழுத்தும். அடியிலுள்ள தராசு அந்த அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும். கணினியைப் பதிவுக்கு விட்டுவிட்டு, கோபிகா மோட்டாரைப் பற்றவைக்கும் பற்றரியை எடுக்க உள்ளே போனாள்.

புது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக்கூடத் தேங்காய் உடைக்காமல் வாசல் படலை தாண்ட விடாத மனிதர் தியாகராசா. மகளுடைய மோட்டாரைச் சும்மா விடுவாரா? கற்பூரம் கொளுத்தவில்லை, அவ்வளவுக்கு அறிவிருந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, கல்லைத் தேடி அலைவானேன் என்று, தாங்கியின் இரும்பு விளிம்பிலேயே தேங்காயை ஓங்கி ஒரு போடு போட்டார்.

திரும்பி வந்த கோபிகா சிதறிய தேங்காயைப் பார்த்துச் சிரித்தாள். எதில் உடைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. வயரைப் பொருத்திவிட்டு இருவரும் மதிலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். மோட்டார் சீறி, வெள்ளைப் புகை கக்கி, அழகாக எரிந்து முடிந்தது. அப்பா கைதட்டினார்.

கணினியில், மோட்டார் எரிந்த நேரம் முழுவதும் கோடு அசையாமல் செத்துக் கிடந்தது. அதற்கு முன்னால் மட்டும் ஒரேயொரு பாய்ச்சல், நாற்பத்தேழு கிலோ.

கோபிகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தாங்கியில் தேங்காய் உடைத்த அடியில் தராசும் உடைந்துபோனதைச் சொன்னாள். தியாகராசாவின் முகம் கறுத்துப்போயிற்று.

"அப்ப உந்த நாப்பத்தேழை அனுப்பிவிடன், பிள்ளை," என்றார் மெல்ல. "ஆர் பாக்கப்போகினம்?"

ஒரு கணம் அவளுக்கும் விரல் துடித்தது. அனுப்பினால் இடம் நிச்சயம். ஆனால் எரிந்த மோட்டாரின் பலம் இன்னும் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும்தான். பொய் சொல்வதை விட அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. வரைபடத்தை அப்படியே இணைத்து, அந்தப் பாய்ச்சலுக்கு மேலே 'அப்பா' என்று எழுதி அனுப்பினாள்.

இடம் போய்விட்டது என்று அவரிடம் சொன்னாள். அவர் குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"நாப்பத்தேழும் என்ரை கைதானோ?"

"ஓம்," என்றாள் கோபிகா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அடுத்த வருசம் மோட்டாருக்குப் பதிலா உங்களைத்தான் பூட்டி அனுப்பப்போறன்."