கிட்டத்துக்கு வண்டி எடுக்கிறதில்லை

ஹைப்ரிட் கார் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை. திரையில் தெரியும் மைலேஜைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். பிரேக்கைப் பூ மாதிரி மிதிக்கணும், அப்பதான் பேட்டரி ஏறும் என்பார். கிட்டத்துக்கு மட்டும் வண்டியைத் தொடவே கூடாதாம். இன்ஜின் சூடாகிற வரைக்கும் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடுமாம். கேட்கவே எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் லிட்டருக்கு இருபத்திநாலு என்று திரை காட்டியதும், அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என் தம்பியைக் காருக்குள் உட்காரவைத்து அந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டைப் பிடித்தபடி அப்பா வந்து நின்றார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆபரேஷன் செய்த முழங்கால் நடுங்கியது.

“பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்தா வந்தீங்க? ஒரு போன் பண்ணக்கூடாதா?” என்று கத்தினேன். அதே சூட்டோடு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். “எல்லாம் உங்க மைலேஜ் பைத்தியத்தால வந்தது!”

“மாப்பிள்ளையை ஏம்மா திட்டுறே?” என்றார் அப்பா, மூச்சு வாங்க. “போன தடவை போன் பண்ணப்ப, கிட்டத்துக்கு வண்டி எடுத்தா மைலேஜ் விழுந்துடும், மெதுவா நடந்து வாங்கன்னு நீதானே சொன்னே.”

தம்பி என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்காரர் வண்டியை அணைத்தார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். வெளியே வரத்தான் கால் வரவில்லை.

ஒருவழியாக நான் கொண்டுவந்து நீட்டிய டம்ளரை அப்பா வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கார் பக்கம் பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டார்:

“இப்ப எவ்வளவும்மா கொடுக்குது?”