சமதரைக்கான சொற்கள்

அருள்நாயகம் மாஸ்ரரின் கடிதம் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உறையில் அம்மாவின் பெயர் இருந்தது. ஆனால் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த பதினான்காம் மாடி வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் நான்தான் உடைத்து வாசிப்பேன். அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால் அது என் வேலையாகியிருந்தது. இது தமிழ்க் கடிதம் என்பதை, மாடிக்கு ஏறும் லிப்றுக்குள் உடைத்த பிறகுதான் கவனித்தேன்.

மாஸ்ரர் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கு முந்திய ஒக்ரோபரில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி நடந்தபோது என் அண்ணன் பஸ்ரியன் அவருடைய குடும்பத்தோடுதான் நடந்தான். அம்மாவும் நானும் மூன்று வருடங்களுக்கு முன்பே நாட்டை விட்டு இங்கே வந்துவிட்டோம். அவனைப் பற்றி ஏழு மாதங்களாக ஒரு தகவலும் இல்லை.

மாஸ்ரர் ஒற்றைத் தாளில் எழுதியிருந்தார். பாலம் கடந்து ஒரு வெளியில் இளைப்பாற இருந்தார்களாம். செல் விழுந்து வெடித்ததாம். பஸ்ரியன் அந்த இடத்திலேயே போய்விட்டானாம். தான் உடுத்திருந்த சாரத்தால் சுற்றி, முழங்கால் ஆழத்துக்குக் கிண்டி, மழைக்குள் தானே அடக்கியதாக எழுதியிருந்தார். கல் கிடைக்காததால் மண்ணைக் குவித்து மேடாக்கி, பனைமட்டையில் சிலுவை செய்து குத்தினாராம். சித்திரையில் திரும்பி வந்ததும் தேடிப் போனாராம். “மேடு இல்லை. அந்த வெளி முழுவதையும் இயந்திரம் விட்டுச் சமதரையாக்கி இருக்கிறது. எவ்விடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

நான் கதவைத் திறந்தபோது அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். ஹோட்டலில் கட்டில் விரிக்கும் வேலை, மூன்று மணிக்குத் தொடக்கம்.

“என்ன கடிதம்?”

“ரெலிபோன் கொம்பனி விளம்பரம்.”

வேலை முடிந்து வரட்டும் என்று நினைத்தேன். வந்தபோது கால் வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்று நினைத்தேன். பூசை முடிய அம்மா, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவரிடம் பஸ்ரியனின் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். இப்படியே ஆனி, ஆடி, ஆவணி போயின.

பள்ளிக்கூடத்தில் நான் எப்போதுமே வாய் திறப்பவள் அல்ல. கடிதத்துக்குப் பிறகு, ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டால் “ஓம்” என்றுகூட வரவில்லை. செப்ரெம்பரில் எனக்குப் பதினெட்டு வயதானது. பள்ளிக்கூடத்தை விட்டு விலகச் சொந்தக் கையெழுத்தே போதும் என்றார்கள். பதிவேட்டில் என் பெயர் அப்படியே கிடந்தது பிறகுதான் தெரிந்தது. புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை வழக்கம்போல் பையோடு புறப்பட்டு, யங் வீதியிலுள்ள பெரிய நூலகத்துக்குப் போனேன்.

அந்த நூலகத்தின் நடுவில் கூரைவரை வெறும் இடம். சுற்றிவர மாடிகள். ஒரு மாடியின் கரையில் இருந்தால் எதிர்க்கரையில் இருப்பவர்களின் தலைகள் தெரியும். நான் தூணோடு ஒட்டிய ஒரு மேசையைப் பிடித்தேன். பக்கத்துத் தட்டில் கிரேக்க அகராதிகள் இருந்தன. அவற்றை எடுக்க ஒருவரும் வருவதில்லை. ஆகவே என்னோடு பேசவும் ஒருவரும் வரமாட்டார்கள். கிரேக்க எழுத்துகளில் பாதி எனக்குக் கணக்குப் பாடத்திலேயே தெரியும். மிச்சத்தை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் தேடிக் கிரேக்கம் காண்பது ஒரு அகராதி. அந்தக் கிரேக்கச் சொல் எதிலிருந்து வந்தது என்று சொல்வது இன்னொன்று, தூக்க இரண்டு கை வேண்டும். முதலில் நான் தேடிய சொல் சமதரை. அது ஏற்கெனவே எனக்குள் கிடந்தது.

ஒரு சொல் அல்ல, ஒரு கூட்டமே இருந்தது. பெதியொன் என்றால் வெளி. நிலம் என்று பொருள்படும் பெதொனிலிருந்து வந்தது. அந்தப் பெதொனும் காலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேர். கால் ஊன்றும் இடம்தான் அவர்களுக்கு வெளி. ஹொமலொஸ் என்றால் ஏற்ற இறக்கம் இல்லாதது. ‘ஒரே மாதிரி’ என்பதற்குரிய சொல்லிலிருந்து வந்தது. பிளக்ஸ் என்றால் தட்டையான எதுவும்: சமவெளி, அசையாத கடல், பலகைக்கல், கல்லறையை மூடும் கல். செத்தவர்கள் கீழே குடியிருக்கும் பரப்பையும் அதே சொல்லால் சொன்னார்களாம். பிளதுஸ் என்றால் அகன்றது, தட்டையானது. அதற்கு இனமாகச் சமஸ்கிருதச் சொல் ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: பிருது. பூமிக்குப் பிருதிவி என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். பிருதிவி, அப்பு, தேயு என்று ஐந்து பூதங்களையும் பஸ்ரியன் பாடமாக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. வாத்தியார் அடிப்பார் என்ற பயத்தில் பல் தீட்டும்போதும் சொல்வான்.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். எந்தச் சொல்லைக் கிண்டினாலும் அடியில் ஏதோ ஒன்று இருந்தது: ஒரு கால், ஒரு கல், ஒரு பரப்பு. ஒன்றுமில்லாத தட்டை என்று ஒரு சொல்லும் அகப்படவில்லை.

பிளதுஸின் குடும்பத்திலேயே பிளத்தே என்று ஒன்று இருந்தது. துடுப்பின் அகன்ற பகுதி. தோள்பட்டை எலும்பு. அதை வாசித்ததும் அகராதியை மூடிவிட்டேன்.

ஏனென்றால் நான் அவனைக் காண்பது அப்படித்தான். ஊரில் ஏழு வருடங்கள் அவனுடைய சைக்கிளின் பின்னால் இருந்து பள்ளிக்கூடம் போனவள் நான். அவன் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். வலது தோள்பட்டை இடதைவிடச் சற்று உயரம். ஆனி மாதம் ஷேர்பேர்ண் சுரங்க ரயில் நிலையத்தில், எனக்கு முன்னால் மேலே போன நகரும் படிகளில் அந்த முதுகு நின்றது. பிறகு புளோர் வீதியில் கண்டேன். பிறகு எங்கள் கட்டடத்தின் வாசலில். ஒருமுறையும் அவன் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். செத்த பிறகு பாவம் கழிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே மன்றாட முடியாது. உயிரோடு இருப்பவர்கள்தான் மன்றாட வேண்டும். அம்மா ஒவ்வொரு நாளும் உருக்கமாகத்தான் மன்றாடினார். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவனுக்காக மன்றாடினார். செத்த பஸ்ரியனுக்கு இந்த உலகத்தில் ஒரு வாய் இல்லை. அதை அடைத்து வைத்திருந்தவள் நான்.

ஒக்ரோபரில் ஒருநாள் லிப்றில் செரீனா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் மாடியில் இருப்பவள், என் வகுப்பு.

“ஏய், ஸ்கூலுக்கு வாறேல்லை. எங்கை போறாய்? ஆரும் பெடியனோ?”

“லைப்ரரிக்கு.”

“ஸ்கூலைக் கட் பண்ணிப்போட்டு லைப்ரரிக்குப் போற முதல் ஆள் நீதான். யூ ஆர் சோ வியர்ட், அன்ரனெற்.” பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். “உன்னோடை இப்ப ஏறினது ஆர்?”

“ஒருதரும் ஏறேல்லை.”

“லொபியிலை உனக்கு முன்னாலை நிண்டவர். வெள்ளைச் சேட் போட்டிருந்தவர்.”

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பதினான்காம் மாடிவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் நூலகத்தில் தலையை நிமிர்த்தியபோது, எதிர்க்கரையில், எனக்கு முதுகைக் காட்டியபடி அவன் ஒரு கதிரையில் இருந்தான். வெள்ளைச் சேட். இந்த முறை முகத்தைப் பார்த்தே தீருவது என்று எழுந்தேன். அகராதியை மேசையில் விரித்தபடி விட்டு, மாடியைச் சுற்றி நடந்தேன். கம்பளம் என் காலடிச் சத்தத்தை விழுங்கியது. ஒரு தூண் மறைத்தது. தூணைக் கடந்தபோது அந்தக் கதிரையில் யாரும் இல்லை.

நான் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெறும் இடத்துக்கு அப்பால், என் மேசையில், என் கதிரையில், அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். குனிந்து அகராதியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஓடவில்லை. ஓடினால் காவலாளி கேட்பான், பதில் சொல்ல வேண்டிவரும். நடந்தேன். கதிரை சூடாக இல்லை, குளிராகவும் இல்லை. ஆனால் நான் விட்டுப்போன பக்கம் அல்ல அது. அகராதி கிட்டத்தட்ட முடிவில் திறந்து கிடந்தது. க்தமலொஸ் என்று ஒரு சொல், அதுவரை நான் காணாதது. தாழ்ந்தது, தட்டையானது, நிலத்தோடு நிலமாகக் கிடப்பது. மண்ணைக் குறிக்கும் பழைய சொல்லோடு அதை இணைத்திருந்தார்கள். அதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா, கோயிலில் எங்களுக்குத் தந்திருந்த இரண்டு கடதாசித் துண்டுகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கார்த்திகை மாதம் மரித்தவர்களின் மாதம். கறுப்புக் கரை போட்ட துண்டில் குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். வெள்ளைத் துண்டு உயிரோடு இருப்பவர்களின் தேவைகளுக்கு. என் கையெழுத்து வடிவு என்பதால் வருடாவருடம் நான்தான் எழுதுவேன். நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டே அப்பாவின் பெயரில் தொடங்கினார். “முதல் கொப்பரைப் போடு. கிறிஸ்துநாயகம். பிறகு பெரியப்பா. பிறகு கொப்பரின்ரை கூட்டாளி இராஜரட்ணம் அண்ணையையும் போடு.”

“அவர் சைவமெல்லோ அம்மா.”

“செத்தாப் பிறகு ஆர் கேக்கப்போகினம்? விட்டா மனுசன் கோவிக்கும். கலியாணக் காட் பிந்திப் போனதுக்கே ரெண்டு வருசம் எங்களோடை கதைக்காத ஆள்.”

எழுதினேன்.

“சரி. இனி மற்றத் துண்டை எடு. கொண்ணன்ரை பேரைப் போட்டு, விசா கெதியிலை கிடைக்க எண்டு எழுது.”

பேனை கறுப்புக் கரைத் துண்டிலேயே நின்றது. இராஜரட்ணத்துக்குக் கீழே பஸ்ரியன் என்று எழுதினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். “உது பிழையான துண்டு, பிள்ளை.”

“இல்லை அம்மா.”

கத்தி நின்றது. நான் எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் இருந்த கொப்பிகளுக்குள் இருந்து கடிதத்தை எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அம்மா கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒருமுறை வாசித்தார். மீண்டும் மேலிருந்து வாசித்தார். பிறகு திகதியைப் பார்த்தார்.

“மே மாசமே வந்தது?”

“ஓம்.”

“அஞ்சு மாசமா நான் அவனுக்கு விசாவெல்லோ கேட்டனான்,” என்றார். சத்தம் உயரவில்லை. “அவனுக்கு வேண்டியது வேறை.”

நான் அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அம்மா கடிதத்தின் கடைசி வரிகளில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“மேடு இல்லையெண்டா ஆக்கள் மிதிச்சுக்கொண்டு போவினமே.”

கொப்பியில் இருந்த சொற்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். பெதியொன்தான் முதலில் வந்தது: கால் ஊன்றும் இடம்.

“வேறை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?”

“பள்ளிக்கூடம் போறேல்லை.”

“அது தெரியும். பள்ளிக்கூடத்து ரெலிபோன் மிசின் ஒவ்வொரு நாளும் எடுத்து உன்ரை பேரைச் சொல்லிப்போட்டு ஏதோ வாசிக்குது. எனக்கு இங்கிலிஸ்தான் தெரியாது. உன்ரை பேர் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அவன் வாறவனோ? உன்னட்டை?”

“ஓம்.”

“முகத்தைக் காட்டுறவனோ?”

“இல்லை.”

“எனக்கும் இல்லை,” என்றார் அம்மா. “ஹோட்டல் பதினோராம் மாடி நடையிலை, நான் துவாய் வண்டில் தள்ளிக்கொண்டு போகேக்கை, முன்னாலை போவான். கூப்பிட்டாலும் நிக்கமாட்டான். வைகாசியிலை இருந்து. பிள்ளை எங்கையோ இருந்து எங்களை நினைக்கிறான் எண்டு சந்தோசப்பட்டனான்.”

வெண்டிக்காயை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். நானும் நின்றேன். நித்திய இளைப்பாற்றியைக் கேட்கும் செபத்தைத் தொடங்கினார். செபத்தில் ‘அவருக்கு’ என்று வரும். அம்மா ‘என்ரை பிள்ளைக்கு’ என்றார். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அப்பா செத்த நாட்களில் பஸ்ரியனும் நானும் சேர்ந்து சொன்னது. முடிவில்லாத ஒளி அவன்மேல் பிரகாசிக்கட்டும் என்று சொன்னேன். பாதி எனக்கே கேட்கவில்லை.

“உரத்துச் சொல்லு,” என்றார் அம்மா. “அவன் கன தூரத்திலை கிடக்கிறான்.”

இரண்டாம் முறை உரத்துச் சொன்னேன். மூன்றாம் முறை இன்னும் உரத்து. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் தட்டினார்கள். அம்மா பொருட்படுத்தவில்லை.

பிறகு முகத்தைக் கழுவி, வேலைச் சட்டையைப் போட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். மூன்று மணிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. “அவன்ரை பேரைக் கொப்பருக்குக் கீழை வாற மாதிரித் திருப்பி எழுதிவை,” என்றார். கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் போகுமளவுக்கு ஒதுங்கி, சுவரோடு சற்று நேரம் நின்றார். அதற்குப் பிறகுதான் தானும் வெளியே போனார்.