பத்தாவது ஆள்

லாஸ் வேகாஸில் போக்கர் மேசையில் சீட்டுப் போடுகிற டீலர் நான். இந்த வேலையில் ஒரே கஷ்டம், வாயை மூடிக்கொண்டிருப்பது.

அன்று மத்தியானம் பத்துப் பேர் மிச்சம். பந்தயச் சில்லு தீர்ந்து ஒருவர் வெளியேறிவிட்டால், மிஞ்சும் ஒன்பது பேருக்கும் மறுநாள் பெரிய போட்டியில் ஆளுக்கொரு இடம். மலையாகச் சில்லு குவித்தவனுக்கும் அதே இடம்தான், நாலு சில்லு வைத்திருப்பவருக்கும் அதே இடம்தான். பத்தாவது ஆளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அது லொரெட்டாதான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பெரிய போட்டிக்குப் பணம் கட்ட அவளால் ஆயுசுக்கும் முடியாது. அவளுக்கு இதுதான் ஒரே வழி. மேசையிலேயே குறைந்த சில்லு அவளுடையது. வந்த சீட்டையெல்லாம் ஆடாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரே டிராவிஸ். முன்னால் குவிந்த சில்லில் பாதி முகம் மறைந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மொத்தத்தையும் தள்ளி எல்லோரையும் விரட்டினான். சும்மா உட்கார்ந்திருந்தாலே இடம் கிடைத்துவிடும். சும்மா உட்காரத்தான் அவனுக்கு வராதே.

"என்னக்கா, அடைகாக்குறியா? எப்பதான் ஆடுவே?"

"நீ ஆடு தம்பி. நான் வேடிக்கை பாக்குறேன்."

மறுபடியும் மொத்தத்தையும் தள்ளினான். வெர்னனுக்குப் பொறுக்கவில்லை. டிராவிஸைவிடக் கூடுதலாகச் சில்லு வைத்திருந்த ஒரே ஆள் அவர். அவருக்கும் இடம் உறுதிதான், ஆனால் ரோஷம் யாரை விட்டது?

"உன் கொட்டத்த இன்னிக்கு அடக்குறேன்டா" என்று ஈடுகட்டி வைத்தார்.

மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். கடைசியாக லொரெட்டாவின் முறை. சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மலர்த்திப் போட்டாள். இரண்டும் ஏஸ். அதைவிடப் பெரிய சீட்டு இந்த ஆட்டத்தில் கிடையாது.

"நான் வரலை."

எனக்குச் சபாஷ் என்று கத்த வேண்டும்போல இருந்தது. டிராவிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெர்னனிடம் இரண்டு ராஜா, அவனிடம் ஒரு ஜாக்கியும் பத்தும். எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டை நான் விரித்தேன். நடுவில் ஒரு ஏஸ் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா! மூணு ஏஸு! அக்கா, உன் சில்லு மூணு மடங்கு ஆயிருக்கும்! இதப் போய்த் தூக்கிப் போட்டியே, உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆட்டம்?"

அவன் உபதேசம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் சில்லையெல்லாம், இரண்டு ராஜாவால் ஜெயித்த வெர்னன் பக்கம் தள்ளினேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"மூணு மடங்க வெச்சு என்ன பண்றது தம்பி?" என்றாள் லொரெட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு நாற்காலியிலயா உக்காரப் போறேன்?"

"சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றேன்.

"எதுக்கு?" என்றான், சிரிப்பு மாறாமல்.

"பத்தாவது ஆள் நீங்கதான்."