புதன்கிழமை மட்டும் நாற்பது நிமிஷம்

ரவிச்சந்திரனுக்கு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஸ்டாப்வாட்சும் கையுமாகத் தொழிலாளிகளின் பின்னால் நின்று, ஒரு நட்டை முடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிக்கொள்வார். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அதுதான் வசுமதிக்கு வந்த வினை.

கல்பாக்கத்தில் ஆபீஸ் முடிந்து, தனியார் பஸ்ஸில் மனைவி செங்கல்பட்டு வந்து சேரும் நேரத்தை மூன்று மாதமாகக் கிராஃப் தாளில் புள்ளி வைத்து வந்தார். திங்கட்கிழமை ஐந்து நிமிஷம் கூடுதல். ஊருக்குப் போய்த் திரும்பும் கூட்டம். வெள்ளிக்கிழமை பத்து, திருக்கழுக்குன்றம் கோயில் கூட்டம். புதன்கிழமை மட்டும் நாற்பது நிமிஷம், காரணமே இல்லாமல் பனைமரமாக நிமிர்ந்து நின்றது.

"புதன்ல அப்படி என்னதான் ஆகுது வசு?"

"எனக்கென்னங்க தெரியும்? டிரைவரைக் கேளுங்க."

டிரைவருக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரியும். புதன்தோறும் வசுமதி திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, அந்த ஊரில் குடியிருக்கும், கூட வேலை செய்யும் மேரியின் மொபெட்டை மைதானத்தில் ஓட்டிப் பழகிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள். "இவளுக்கு வண்டியா? ஏழு ஜென்மத்துக்கும் வராது" என்று சொந்தக்காரர்கள் நடுவில் அவர் சிரித்தது அவளுக்கு முள்ளாய்த் தைத்திருந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகுதான் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதுவரை மூச்சுவிடக் கூடாது.

ஒரு புதன்கிழமை மாலை, லீவு போட்டுவிட்டு கல்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார் மனுஷர், ஸ்டாப்வாட்சோடு. வசுமதி மேரியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். இன்றைக்கு பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் குட்டு உடைந்துவிடும். மேரி போய்க் கண்டக்டர் பூபாலனின் காதைக் கடித்தாள்.

"நாப்பது நிமிசம் தானே? வுடுக்கா, நான் பாத்துக்கறேன்."

டிரைவர் மோசஸ் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்தான். பாதி வழியில், கருவாடு விற்கும் காசியம்மாள் கூடையை விட்டுவிட்டு வந்ததாக அலறினாள். பஸ் திரும்பிப் போனது.

"அய்ய, இங்கதான் சீட்டுக்கடியில கீது நைனா!"

திருக்கழுக்குன்றத்தில் மோசஸ் இறங்கி ஒரு டீயைப் பத்து நிமிஷம் ஊதி ஊதிக் குடித்தான். பின்சீட்டில் ஒருவர், "இன்னாபா இது பேஜாரு!" என்று கத்தினார்.

"குந்துய்யா! வூட்ல உனுக்கு ஆரத்தி கரைச்சு வெச்சுகினு நிக்கறாங்களா?" என்று காசியம்மாள் அடக்கினாள்.

ரவிச்சந்திரன் ஒவ்வொன்றையும் ஆனந்தமாக எழுதிக்கொண்டார். செங்கல்பட்டை நெருங்கும்போது பூபாலன் தன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம் குறைந்தது. பஸ் நிலைய வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஆறு டயரையும் நிதானமாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினான்.

"சரியா நாற்பது!" என்றார் ரவிச்சந்திரன். "இந்த பஸ்ஸை நம்பிக் காலம் தள்ள முடியாது வசு. ஒரு மொபெட் வாங்கிடலாம். நானே கத்துத் தரேன்."

வசுமதிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு, புது மொபெட்டோடு மைதானத்துக்குப் போனார்கள். முதல் நாள் இரண்டு தடவையாவது விழுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். "பயப்படாதே! நான் இருக்கேன்!"

முகத்தில் காற்று பட்டதும் விழ வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி, சடாரென்று வளைத்து, மூச்சிரைத்து நின்றவரின் பக்கத்தில் காலை ஊன்றி நிறுத்தினாள்.

அவர் விரல்விட்டுப் புதன்கிழமைகளை எண்ணினார்.

"மேரிகிட்ட மொபெட் இருக்குல்ல? அவ வீடு திருக்கழுக்குன்றத்துலதானே?"

"ஆமாங்க."

"அப்ப அந்தக் கூடை... டீ..."

"எல்லாம் எனக்காகத்தான்."

"பஸ் மொத்தமுமா?" ரவிச்சந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, கிராஃபை ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் காட்டிட்டேனே!"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து, பின்சீட்டைத் தட்டினாள்.

"ஏறுங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

வேறு வழியில்லாமல் ஏறி, இரண்டு கையாலும் அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.